அருகிலும் தெளிவு, தொலைவிலும் தெளிவு

1941-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் ஒரு காட்சி. பனி மூடிய ஊரில் ஓர் எளிய வீடு. காமிராவுக்கு அருகே மேசை முன் ஒரு தாய் உட்கார்ந்து பத்திரம் ஒன்றில் கையெழுத்திடப் போகிறாள். பக்கத்தில் பட்டணத்திலிருந்து வந்த வங்கிக்காரர். சற்றுப் பின்னால் தந்தை நின்றுகொண்டு, வேண்டாம் என்று வாதாடுகிறார். அவருக்கும் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, வெகு தூரத்தில், அவர்களுடைய மகன் பனியில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறான். அவனை வீட்டை விட்டு அனுப்புவதற்கான பத்திரம்தான் மேசை மேல் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது.

இந்தக் காட்சியில் தாயின் முகம் தெளிவாக இருக்கிறது. தந்தையும் தெளிவாக இருக்கிறார். ஜன்னலுக்கு அப்பால் விரலளவே தெரியும் சிறுவனும் தெளிவாக இருக்கிறான். சிறுவன் வெறும் மங்கலான புள்ளியாகத் தெரிந்திருந்தால் காட்சியின் உயிரே போயிருக்கும். இதைப் படம் பிடித்தவர் கிரெக் டோலண்ட் என்னும் ஒளிப்பதிவாளர். இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். படத்தின் இறுதியில் தம் பெயர் வரும் அதே அட்டையில் டோலண்டின் பெயரையும் சேர்த்துப் போட்டார் அவர். ஒளிப்பதிவாளருக்கு அப்படிப்பட்ட மரியாதை திரையுலகில் அபூர்வம்.

நாம் எடுக்கும் படங்களில் இப்படி அமைவதில்லை. நண்பனைக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தால், சில சமயம் நண்பன் தெளிவாக விழுகிறான், கோபுரம் கலங்கிப் போகிறது. சில சமயம் நேர்மாறாக நடக்கிறது. எது தெளிவாக விழ வேண்டும், எது மங்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க முடியுமா? முடியும். அதற்கு வேண்டிய கணிதம் வடிவொத்த முக்கோணங்கள் மட்டுமே. அதை நீங்கள் ஏற்கனவே படித்திருக்கிறீர்கள்.

புள்ளியும் வட்டமும்

ஒரு லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தூரத்தில் உள்ள பொருளைத்தான் சரியாகக் குவிக்கும். அந்தத் தூரத்திலுள்ள ஒரு புள்ளியின் பிம்பம் பிலிமின் மீது புள்ளியாகவே விழும். அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புள்ளியின் பிம்பம் ஒரு சிறு வட்டமாக விரியும். இதை மங்கல் வட்டம் என்று சொல்லலாம்.

அப்படியானால் ஒரே ஒரு தளம் தவிர மற்ற எல்லாம் மங்கலாகத்தானே தெரிய வேண்டும்? கண்டிப்பாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் வட்டம் மிகச் சிறியதாக இருந்தால் நம் கண் அதைப் புள்ளி என்றே எடுத்துக்கொள்கிறது. 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உள்ள பிலிம் கட்டத்துக்கு இந்த வட்டம் 0.03 மி.மீ. வரை இருக்கலாம் என்பது வழக்கம். அந்தக் கட்டத்தை எட்டு மடங்கு பெரிதாக்கினால் ஏறக்குறைய ஒரு முழுத்தாள் அளவுக்கு வரும். வட்டமும் பெரிதாகி 0.24 மி.மீ. ஆகும். படத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது இந்த அளவு கண்ணை உறுத்தாது.

மங்கல் வட்டம் இந்த வரம்புக்குள் அடங்கியிருக்கும் இடம் எல்லாம் தெளிவு என்று கணக்கு. அருகிலுள்ள எல்லையிலிருந்து தொலைவிலுள்ள எல்லை வரை நீளும் அந்தப் பகுதிக்குப் புல ஆழம் என்று பெயர். இது இயற்கை போட்ட கோடு அன்று என்பதைக் கவனியுங்கள். நம் கண்ணுக்கும் படத்துக்கும் இடையே நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. அதே படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒப்பந்தம் முறிந்துவிடும். தெளிவு என்று நினைத்த இடமெல்லாம் மங்கல் என்று தெரியவரும்.

ஓர் ஊசித்துளைச் சோதனை

இப்போது ஒரு சிறு சோதனை. இந்தப் பக்கத்தை ஒரு கண்ணுக்கு 5 செ.மீ. தூரத்தில் பிடித்துப் படிக்க முயலுங்கள். எழுத்துகள் கலங்கித் தெரியும். ஒரு தடித்த அட்டையில் ஊசியால் சுத்தமாக ஒரு துளையிட்டு, அதைக் கண்ணோடு ஒட்டி வைத்து, நல்ல வெளிச்சத்தில் மீண்டும் பாருங்கள். எழுத்துகள் கூர்மையாகிவிடும்! சற்று இருண்டும் இருக்கும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதற்கும் காரணம் இதுவே.

ஒளி நுழையும் துவாரம் சிறியதானால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளிக்கூம்பு ஒல்லியாகிறது. ஒல்லியான கூம்பு, குவியாத இடத்திலும் சிறு வட்டத்தையே உண்டாக்கும். தெளிவு கூடுகிறது, வெளிச்சம் குறைகிறது. லாபமும் நஷ்டமும் சேர்ந்தே வருகின்றன.

காமிராவில் இந்தத் துவாரத்தை எண்ணால் குறிப்பார்கள். லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது துவார எண். படமெடுப்பவர்கள் 'எஃப் எட்டு', 'எஃப் பதினாறு' என்று சொல்வது இதைத்தான். 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று இந்த எண்கள் ஏறும். எண் பெரிதானால் துளை சிறிது. ஒவ்வொரு படிக்கும் துளையின் பரப்பு பாதியாகிறது. இந்த எண்கள் ஏன் ஏறத்தாழ 1.4 மடங்காக வளர்கின்றன என்பதை இரண்டின் வர்க்கமூலத்தோடு ஒப்பிட்டு நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

சுவரும் விண்மீனும்

அகலக் கோண லென்ஸ் என்பது குவியத் தூரம் குறைந்த லென்ஸ். மேலே சொன்ன பிலிம் கட்டத்துக்கு 50 மி.மீ. லென்ஸ் இயல்பானது, மூலைக்கு மூலை அதன் பார்வைக் கோணம் சுமார் 47 பாகை. 24 மி.மீ. லென்ஸ் சுமார் 84 பாகை வரை பார்க்கிறது. இந்த 24 மி.மீ. லென்ஸையே நம் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். துவார எண் 8 என்றால் துவாரத்தின் விட்டம் 24 ÷ 8 = 3 மி.மீ.

லென்ஸை ஒரு சுவரின் மீது குவித்திருக்கிறோம் என்க. சுவரின் தூரம் எவ்வளவு என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். இப்போது சுவரைக் கண்ணாடிச் சுவராக நினைத்துக்கொண்டு, அதற்கும் அப்பால் வெகு தொலைவில் உள்ள ஒரு விண்மீனைப் பாருங்கள். விண்மீனிலிருந்து வரும் கதிர்கள் இணையானவை. அவற்றுள் துவாரத்தில் நுழைபவை 3 மி.மீ. விட்டமுள்ள ஒரு மெல்லிய உருளையாக வருகின்றன. அந்த உருளை சுவரைக் கடக்கும் இடத்திலும் அதன் விட்டம் 3 மி.மீ.தான். ஆகவே லென்ஸைப் பொறுத்தவரை அந்த விண்மீன், சுவரில் ஒட்டிய 3 மி.மீ. ஒளிப்பொட்டுக்குச் சமம்.

சுவரிலுள்ள பொருள்கள் பிலிமில் எவ்வளவு சிறிதாக விழும்? குவியத் தூரத்தைச் சுவரின் தூரத்தால் வகுத்த அளவுக்கு. எனவே பொட்டின் பிம்பம் 3 × 24 ÷ சுவரின் தூரம். இது 0.03 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 3 × 24 = 72. அதை 0.03-ஆல் வகுத்தால் 2400 மி.மீ., அதாவது 2.4 மீட்டர். லென்ஸை 2.4 மீட்டரில் குவித்து வைத்தால் விண்மீன்கூடத் தெளிவுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது!

அருகிலுள்ள எல்லை எது? சுவருக்கும் லென்ஸுக்கும் நட்ட நடுவே, 1.2 மீட்டரில், ஒரு புள்ளியை வையுங்கள். அதிலிருந்து துவாரத்தின் இரு விளிம்புகளுக்கும் செல்லும் கதிர்களைப் பின்பக்கமாகச் சுவர் வரை நீட்டுங்கள். உடுக்கை வடிவம் கிடைக்கும். இடையில் புள்ளி, ஒரு முகம் துவாரம், மறு முகம் சுவர். இரு பாதியும் சம நீளம் என்பதால் சுவரில் விழும் முகமும் 3 மி.மீ.தான். அதே பொட்டு, அதே மங்கல் வட்டம். எனவே 1.2 மீட்டரிலிருந்து முடிவிலி வரை எல்லாம் தெளிவு.

இந்த 2.4 மீட்டருக்கு ஆங்கில நூல்கள் ஹைப்பர்ஃபோகல் தூரம் என்று பெயர் வைத்திருக்கின்றன. நாம் முழுத்தெளிவுத் தூரம் என்போம். துவார விட்டத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, மங்கல் வட்டத்தால் வகுத்தால் அது கிடைக்கும். அதில் குவித்தால், அதன் பாதியிலிருந்து முடிவிலி வரை தெளிவு. மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

24 மி.மீ. லென்ஸுக்குத் துவார எண் 4 என்றால் முழுத்தெளிவுத் தூரம் 4.8 மீட்டர்; 8 என்றால் 2.4, 16 என்றால் 1.2. 50 மி.மீ. லென்ஸுக்கு அதே 8-இல் இது 10.4 மீட்டர். ஏன் இவ்வளவு வேறுபாடு? குவியத் தூரம் இரண்டு இடங்களில் நுழைகிறது. துவார எண் ஒன்றாக இருந்தாலும், குவியத் தூரம் குறைந்த லென்ஸில் துளை சிறிது. அதன் பிம்பமும் சிறிது. இரண்டும் சேர்ந்து பெருகுவதால், குவியத் தூரம் பாதியானால் முழுத்தெளிவுத் தூரம் கால் பங்காகிறது. அகலக் கோண லென்ஸின் பெருமை முழுவதும் இந்த வர்க்கத்தில் அடங்கியிருக்கிறது.

இரண்டு மீட்டரில் நிற்கும் ஒருவரை இரு லென்ஸாலும் 8-இல் எடுத்தால், 50 மி.மீ. லென்ஸில் 1.7 மீட்டரிலிருந்து 2.5 மீட்டர் வரை தெளிவு. 24 மி.மீ. லென்ஸில் 1.1 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரை!

டோலண்ட் கொடுத்த விலை

டோலண்ட் இந்தப் படத்தில் பெரிதும் பயன்படுத்தியதும் 24 மி.மீ. லென்ஸ்தான். அன்றைய ஹாலிவுட்டில் அரங்கத்துக்குள் எடுக்கும் காட்சிகளைத் துவார எண் 3-ஐ ஒட்டிய அளவிலேயே எடுப்பார்கள். வெளிச்சம் அவ்வளவுதான் கிடைக்கும். டோலண்ட் 8, 11, 16 என்று துளையைச் சுருக்கினார். சினிமாக் கட்டம் சிறியது என்பதால் மங்கல் வட்டத்தை 0.025 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், 2.8-இல் சுமார் 4 மீட்டரிலிருந்துதான் முடிவிலி வரை தெளிவு கிடைக்கும். 11-இல் சுமார் 1 மீட்டரிலிருந்தே கிடைக்கும். மேசை முன் இருக்கும் தாயையும் வெளியே ஓடும் மகனையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கியது இந்த 4-க்கும் 1-க்கும் உள்ள வேறுபாடுதான்.

விலை என்ன? 2.8-லிருந்து 11 வரை நான்கு படிகள். ஒவ்வொன்றும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். ஆக, பதினாறு மடங்கு வெளிச்சம் வேண்டும். 16 வரை போனால் முப்பத்திரண்டு மடங்கு. இதற்காக அவர் ஆற்றல் மிக்க வில்விளக்குகளைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளுக்கு முன்புதான் விற்பனைக்கு வந்திருந்த, ஒளியை விரைவாக ஏற்கும் பிலிமைப் பயன்படுத்தினார். மேற்பூச்சு இட்ட லென்ஸ்களைத் தேர்ந்தெடுத்தார். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மீது விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பல கண்ணாடிகள் அடங்கிய லென்ஸில் இந்த இழப்பு சேர்ந்துகொண்டே போகும். மெல்லிய பூச்சு அதைத் தடுக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் லென்ஸால் முடியாத ஒன்று அந்தப் படத்தில் உண்டு. லென்ஸுக்கு மிக அருகே ஒரு தம்ளரும் மருந்துப் புட்டியும். அடுத்துக் கட்டிலில் மயங்கிக் கிடக்கும் பெண். தூரத்தில் ஒரு கதவு. தம்ளரும் கதவும் ஒரே கூர்மையில் தெரிகின்றன. அகலக் கோண லென்ஸின் அதிசயம் என்று இதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் இது ஒரே தடவையில் எடுத்த காட்சி அன்று. பின்னணியை இருட்டாக்கி, தம்ளருக்கு மட்டும் விளக்குப் போட்டு, அதன் மீது குவித்து எடுத்தார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, தம்ளரை இருட்டாக்கி, பின்னணிக்கு விளக்குப் போட்டு, அதன் மீது குவித்து, அதே பிலிமில் மறுபடியும் எடுத்தார்கள். முக்கோணம் எங்கே கைவிடும் என்பதை டோலண்ட் நன்றாக அறிந்திருந்தார். அந்த அறிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நடுவில் குவிக்கலாமா?

எல்லாப் படத்துக்கும் முடிவிலி வரை தெளிவு தேவையில்லை. ஒரு நெசவுக் கூடத்தைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். 1.5 மீட்டரில் தறி முன் நெசவாளர். 6 மீட்டரில் சுவரோரம் நூல் சுற்றும் அவருடைய மகள். இருவரும் தெளிவாக வேண்டும். லென்ஸை எந்தத் தூரத்தில் குவிப்பது?

நடுவில், அதாவது 3.75 மீட்டரில் என்றுதான் முதலில் தோன்றும். அது சரியன்று. அருகிலுள்ள பொருளின் மங்கல், தொலைவிலுள்ளதைவிட மிக வேகமாகப் பெருகும். இருவருக்கும் மங்கல் சமமாக வேண்டுமானால் இரண்டு தூரங்களின் இசைச் சராசரியில் குவிக்க வேண்டும். இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, கூட்டுத்தொகையால் வகுங்கள்: 2 × 1.5 × 6 ÷ 7.5 = 2.4 மீட்டர். வகுப்பில் இசைச் சராசரியைப் பார்த்து, இது எதற்குப் பயன்படப் போகிறது என்று சலித்துக்கொண்டவர்களுக்கு இதோ ஒரு பயன்.

சுவரும் பொட்டும் கணக்கை மீண்டும் போட்டால், 2.4 மீட்டரில் குவித்தபோது துவாரத்தின் விட்டம் 5 மி.மீ. வரை இருக்கலாம் என்று வரும். துவார எண் 4.8. அடுத்த படியான 5.6 தாராளமாகப் போதும். அதே 5.6-இல் 3.75 மீட்டரில் குவித்திருந்தால் நெசவாளரின் மங்கல் வட்டம் 0.04 மி.மீ.க்கு மேல் போய், அவர் முகம் கலங்கியிருக்கும். பயந்துபோய் 16 வரை துளையைச் சுருக்கினால்? 5.6-க்கும் 16-க்கும் மூன்று படி. வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகும். ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்த ஷட்டர் 15-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் நாடாவை எறியும் கை அசைந்துவிடும். கணக்குப் போட்டவருக்குக் கை தெளிவாக விழுகிறது. போடாதவருக்கு வெறும் நிழல்தான் கிடைக்கிறது.

படக்கலை நூல்கள் சிலவற்றில், தெளிவுப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு குவித்த இடத்துக்கு முன்னாலும் இரண்டு பங்கு பின்னாலும் இருக்கும் என்று ஒரு விதி எழுதியிருக்கும். குவித்த தூரம், முழுத்தெளிவுத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும்போது மட்டும் இது சரி. மிக அருகில் குவித்தால் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரியும். முழுத்தெளிவுத் தூரத்தில் குவித்தால் பின்பக்கம் முடிவே இல்லை. இதை விதி என்று சொல்வதைவிடத் தற்செயல் என்று சொல்வதே பொருந்தும்.

பூவின் அருகே போனால்

"அகலக் கோண லென்ஸில் எல்லாம் தெளிவாகத்தான் விழும், பின்னணியை மங்கலாக்க முடியாது" என்று பலர் நம்புகிறார்கள். இதைச் சோதிப்போம்.

24 செ.மீ. உயரமுள்ள ஒரு பூங்கொத்து பிலிமின் அகலம் முழுவதையும் நிறைக்க வேண்டும் என்க. அதாவது பிம்பம் பத்தில் ஒரு பங்கு அளவு. 50 மி.மீ. லென்ஸுக்கு இதற்கு 55 செ.மீ. தூரம் வேண்டும். 24 மி.மீ. லென்ஸானால் 26 செ.மீ. அளவுக்கு நெருங்க வேண்டும். துவார எண் இரண்டிலும் 8. புல ஆழம் எவ்வளவு? 50 மி.மீ. லென்ஸில் சுமார் 5.3 செ.மீ. 24 மி.மீ. லென்ஸிலும் சுமார் 5.3 செ.மீ.!

வியப்பாக இருக்கிறதா? குவியத் தூரம் குறைந்ததால் கிடைத்த லாபத்தை, அருகே போனதால் முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பொருளின் பிம்பம் ஒரே அளவாக இருந்தால், அருகுப் படங்களில் புல ஆழமும் ஏறக்குறைய ஒன்றுதான். லென்ஸ் எதுவானாலும் சரி. துளையை 2.8 வரை திறந்து, பூவுக்கு 30 செ.மீ. அருகே போனால் 24 மி.மீ. லென்ஸிலும் தெளிவு இரண்டரை செ.மீ. அளவுக்கு ஒடுங்கிவிடும். பின்னால் உள்ள வீடு மங்கத்தான் செய்யும்.

ஆனால் மங்குவதில் ஒரு வேறுபாடு உண்டு. அகலக் கோண லென்ஸ் பின்னணியைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. மங்கல் வட்டமும் அதே விகிதத்தில் சிறிதாகிறது. ஆகவே வீடு முழுவதும் சட்டத்துக்குள் வந்து, மங்கலாக இருந்தாலும் இது வீடு என்று அடையாளம் தெரியும். நீண்ட லென்ஸில் அந்த வீட்டின் ஒரு சுவர் மட்டும் பெரிதாகி, வண்ணப் புகைபோலப் பரவும். செடியோடு அது வளர்ந்த இடத்தையும் காட்ட விரும்புகிறவருக்கு முன்னது நல்லது. செடியை மட்டும் பிரித்துக் காட்ட விரும்பினால் பின்னது. முகங்களை மட்டும் அகலக் கோண லென்ஸால் இவ்வளவு நெருங்கி எடுக்காதீர்கள். மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். அது லென்ஸின் குற்றமன்று. அவ்வளவு அருகில் நின்றால் மூக்கின் தூரத்துக்கும் காதின் தூரத்துக்கும் உள்ள விகிதம் மாறிவிடுகிறது.

ஒளி அலையின் தடை

அப்படியானால் துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் எல்லாமே தெளிவாகிவிடுமா? இங்கே முக்கோணக் கணக்கு முடிந்து அலைக் கணக்கு தொடங்குகிறது. ஒளி ஓர் அலை. சிறிய துளை வழியே செல்லும்போது அது விளிம்பில் வளைந்து பரவுகிறது. பாடநூலில் விளிம்பு விளைவு என்று படித்திருப்பீர்கள். இதனால் சரியாகக் குவிந்த புள்ளியும் ஒரு வட்டமாகவே விழும். அதன் விட்டம், ஒளியின் அலைநீளத்தைத் துவார எண்ணால் பெருக்கி, மேலும் 2.44-ஆல் பெருக்கிய அளவு. பச்சை ஒளிக்கு அலைநீளம் 0.00055 மி.மீ. துவார எண் 8-இல் இந்த வட்டம் 0.01 மி.மீ.; யாரும் கவனிக்க மாட்டார்கள். 22-இல் அது 0.03 மி.மீ. ஆகிவிடுகிறது. நாம் பொறுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட அதே அளவு! அதற்கு மேல் சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் எந்த இடமும் கூர்மையாக இராது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். 1932-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலிய படக்கலைஞர்கள் ஒரு குழு அமைத்து, அதற்கு 'எஃப் 64' என்றே பெயர் வைத்தார்கள். 64-இல் படம் கெட்டுப்போகாதா? அவர்கள் கையாண்டவை பெரிய தகட்டுக் காமிராக்கள். படத்தைப் பெரிதாக்காமல், தகட்டின் அளவிலேயே அச்சிட முடியும். 64-இல் விழும் வட்டம் 0.09 மி.மீ.; பெரிதாக்காதவரை கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய காமிராவில் 300 மி.மீ. லென்ஸ் என்றால், 64-இல் துளையின் விட்டம் ஏறக்குறைய 4.7 மி.மீ. நம் 24 மி.மீ. லென்ஸின் 3 மி.மீ. துளைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

கைப்பேசியின் கண்

கைப்பேசியால் எடுக்கும் படங்களில் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழுவதற்கும் இதே கணக்குத்தான். எடுத்துக்காட்டாக, அதன் லென்ஸின் குவியத் தூரம் 6 மி.மீ. என்றும் துவார எண் 1.8 என்றும் கொள்வோம். 1.8 என்பது மிகவும் திறந்த துவாரம்போல் தோன்றும். விட்டத்தைக் கணக்கிடுங்கள்: 3.3 மி.மீ. பிலிமின் இடத்திலுள்ள உணரி, பிலிம் கட்டத்தின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்குதான். எனவே மங்கல் வட்டத்துக்கான வரம்பும் கால் பங்கு, 0.0075 மி.மீ. முழுத்தெளிவுத் தூரம் 3.3 × 6 ÷ 0.0075, அதாவது ஏறக்குறைய 2.6 மீட்டர். 24 மி.மீ. லென்ஸை 8-இல் வைத்தபோது வந்த 2.4 மீட்டரோடு ஒப்பிடுங்கள். காமிராவின் உருவம் எதுவானாலும், பார்க்கும் கோணம் ஒன்றாகவும் துளையின் உண்மையான விட்டம் ஒன்றாகவும் இருந்தால் ஆழமும் ஒன்றே.

பெரும்பாலான கைப்பேசிகளில் துளையைச் சுருக்கவோ விரிக்கவோ வழியில்லை. முகத்தை மட்டும் தெளிவாகக் காட்டிப் பின்னணியை மங்கலாக்கும் வசதி பலவற்றில் உண்டு அல்லவா? அந்த மங்கல் பெரும்பாலும் லென்ஸ் உண்டாக்குவது அன்று. எந்தப் பகுதி அருகே, எது தொலைவில் என்று கைப்பேசிக்குள் உள்ள கணினி மதிப்பிட்டு, தொலைவு என்று முடிவு செய்த இடங்களைக் கலைத்துவிடுகிறது. பறக்கும் தலைமுடியையோ மூக்குக் கண்ணாடியின் ஓரத்தையோ கூர்ந்து பார்த்தால், சில இடங்களில் அது தடுமாறியிருப்பது தெரியும்.

வீட்டில் செய்து பார்க்க: கைப்பேசியை ஒரு மேசை விளிம்பில் அசையாமல் நிறுத்துங்கள். அதற்கு முன்னால் ஓர் அளவுநாடாவை நீளவாக்கில் விரித்து, 10 செ.மீ., 20, 40, 80 செ.மீ. தூரங்களில் ஒரே அளவு எழுத்துகள் அச்சிட்ட துண்டுக் காகிதங்களை, ஒன்றையொன்று மறைக்காமல் நிறுத்துங்கள். முதல் காகிதத்தின் மீது குவித்து ஒரு படம், கடைசிக் காகிதத்தின் மீது குவித்து ஒரு படம் எடுங்கள். முதல் படத்தில் எந்தக் காகிதம் வரை படிக்க முடிகிறது, இரண்டாவது படத்தில் எதிலிருந்து படிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே படங்களைத் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கி, அந்த எல்லைகள் எங்கே நகர்கின்றன என்று பாருங்கள்.